உளவியல் வகுப்பை எப்படி நடத்துவது? இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

2005 ஜூனில் கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். சிதம்பரத்திலும் காலாப்பட்டிலும் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் போனிலும் நேரிலும் என்னைக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மற்ற பாடங்களைவிட உளவியல் நடத்துவதில் அப்படி என்ன சிரமம்?

வேதியியல் வகுப்பில் உப்பைப் பற்றிப் பேசினால் உப்புக்குக் காது கேட்காது. நம் வகுப்பில் பாடப்பொருளே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. மனச்சோர்வின் அறிகுறிகளைப் போர்டில் வரிசையாக எழுதிக்கொண்டு போகும்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பேனாவை மூடி வைப்பாள். குடிநோய் பற்றி நடத்தும் நாளில் ஒரு பையன் ஜன்னலைப் பார்த்தபடியே இருப்பான். நாம் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. ஆனாலும் பாடம் அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டது.

இதைப் பார்த்துப் பயந்து பாடத்தை வெறும் நோட்ஸாக வாசித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வகுப்பையே கவுன்சலிங் அறையாக்கிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. பிள்ளைகளுக்கு ஆதரவு தருவதைத் தனி வேலையாக நினைக்க வேண்டாம். தயாராகி வருவது, புரியும்வரை சொல்வது, விடைத்தாளைச் சொன்ன தேதியில் திருப்பித் தருவது என்று நாம் தர முடிகிற ஆதரவில் பெரும்பகுதி பாடம் நடத்துகிற விதத்திலேயே இருக்கிறது.

முதல் வகுப்பில் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொரு ஜூனிலும் யாராவது கேட்பார்கள்: "மேடம், மூஞ்சியப் பார்த்தே மனசுல இருக்கறதச் சொல்லிடுவீங்களாமே?" ஒன்றிரண்டு அம்மாக்கள், "சைக்காலஜி படிச்சா புத்தி பேதலிச்சிடும்னு சொல்றாங்களே" என்று சேர்க்கைக்கு வந்த இடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் வரையறை சொல்லிப் பதில் கொடுத்தால் மனதில் ஒட்டாது.

நான் லேபிலிருந்து கண்ணாடி வரைதல் கருவியை எடுத்து வந்துவிடுவேன். மேசையில் ஒரு நட்சத்திரப் படம் இருக்கும். கையையும் படத்தையும் நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு. எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டே கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். கை நம் பேச்சைக் கேட்காது. மேலே போகச் சொன்னால் கீழே போகும். முதலில் நானே வரைவேன். பென்சில் கோட்டை விட்டு வெளியே போவதை அவர்கள் பார்க்க வேண்டும். பிறகு ஒரு மாணவி வலது கையால் ஐந்தாறு தடவை வரைவாள், இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். நேரமும் தவறுகளும் குறைந்துகொண்டே வரும். அப்போது சொல்வேன்: "இப்ப இடது கையால போடும்மா." அந்தக் கை பழகவே இல்லை. ஆனாலும் வலது கை முதல் தடவை போட்டதைவிட நன்றாகவே போடும்.

ஏன்? வகுப்பு முழுக்க ஊகம் சொல்லும். எல்லா ஊகத்தையும் போர்டில் எழுதுவேன், எதையும் தப்பு என்று அடிப்பதில்லை. எந்த ஊகம் சரி என்று எப்படிச் சோதிப்பது என்று கேட்டுவிட்டு மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன்.

மறுநாள்தான் வரலாறு. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய உளவியல் ஆய்வகம், 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா பொறுப்பேற்ற உளவியல் துறை என்று சொன்னால், முந்தின நாள் ஸ்டாப்வாட்ச் பிடித்த பிள்ளைகளுக்கு அந்த ஆய்வகத்தில் என்ன நடந்திருக்கும் என்பது தெரிந்திருக்கும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரள்கிறார்களே?

இதுதான் நம் பகுதியில் முதல் பிரச்சினை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளில் பலர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் எடுத்தவர்கள் இங்கே வந்து மூன்று மாதத்தில் "நமக்கு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அறிவில் குறை இல்லை. மொழி மாறிய இடத்தில் தங்கள் அறிவே தங்களுக்குத் தெரியாமல் போகிறது.

ஒரு உதாரணம். எதிர்மறை வலுவூட்டல், அதாவது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். எந்தக் கல்லூரியில் கேட்டாலும் பாதிப் பேர் "தண்டனை" என்றுதான் எழுதுவார்கள். நான் கொசுவர்த்தியை வைத்துச் சொல்வேன். ராத்திரி கொசு பிடுங்குகிறது, சுருளை ஏற்றுகிறீர்கள், கொசு போய்விடுகிறது. மறுநாள் ராத்திரி யாரும் சொல்லாமலே ஏற்றுகிறீர்கள். தொல்லை விலகியதால் ஏற்றுகிற பழக்கம் வலுப்பட்டது. தண்டனை என்றால் செய்கிற செயல் குறைய வேண்டும், இங்கே கூடியிருக்கிறது. கடலூர் கொசுவைத் தெரிந்த பிள்ளை இதைச் செமஸ்டர் தேர்வில் தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிற சொற்கள். பதற்றத்தின் அறிகுறிகளை நடத்துவதற்கு முன்னால், "உங்க பாட்டி இத எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்பேன். நெஞ்சு படபடங்குது, கை கால் வெடவெடங்குது, வயித்தப் பிசையுது, நாக்கு ஒட்டிக்கிச்சு. போர்டின் ஒரு பக்கம் இதை எழுதி, மறு பக்கம் புத்தகத்தில் உள்ள பட்டியலை எழுதினால் ஒன்றுக்கொன்று பொருந்தும். படிப்பு வாசனையே இல்லாத பாட்டி துல்லியமாகக் கவனித்திருக்கிறாள் என்று தெரியும்போது அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

அசைன்மென்டை முதலில் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். யோசனை ஓடட்டும். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். கலைச்சொல்லை மட்டும் இரண்டு மொழியிலும் முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும்போது அதில் விட்டுக்கொடுத்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

"புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தேர்வில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

முதலில் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஏன் என்பதற்கு நம் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

சாலமன் ஆஷ் 1950-களின் தொடக்கத்தில் செய்த சோதனையை நீங்களே நடத்தியிருப்பீர்கள். ஒரு கோட்டின் நீளம் மூன்று கோடுகளில் எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூட இருந்தவர்கள் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு ஒரே குரலில் தப்பான விடையைச் சொல்வார்கள். கண்ணெதிரே விடை தெரிந்தும், அந்தச் சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை மனிதர்கள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கோட்டு விஷயத்திலேயே இப்படி என்றால், அறுபது பேர் தலையாட்டுகிற வகுப்பில் முதல் வருஷப் பிள்ளை எழுந்து "புரியல மேடம்" என்று எப்படிச் சொல்லும்?

ஆஷ் சோதனையில் பலரும் அவசரமாகக் கடந்துபோகிற பகுதி ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், பணிந்துபோவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு துணை போதும். அதனால் வகுப்பில் முதன்முதலாகப் "புரியல" என்று சொல்கிற பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் ஆசிரியரின் வேலை. "நல்லவேளை கேட்டே, நான் அவசரமாச் சொல்லிட்டேன்" என்று உண்மையாகவே சொல்லிவிட்டு, வேறு உதாரணத்தோடு திரும்பச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலோ, "இதுகூடவா" என்று ஒரு வார்த்தை விட்டாலோ, அந்தப் பருவம் முழுக்க ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் இப்போது, "எந்த இடத்துல குழம்புச்சு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க, பேர் வேண்டாம்" என்று வாங்கிக்கொள்கிறேன். அடுத்த வகுப்பு அந்தச் சீட்டுகளிலிருந்துதான் தொடங்கும்.

பாடத்தில் வருவதெல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள். நம் பிள்ளைகளுக்கு அது எப்படி ஒட்டும்?

அந்தச் சந்தேகத்தையே பாடமாக்குங்கள். உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கத்திய, வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜோசஃப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2010-இல் விரிவாக எழுதினார்கள். 2015-இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் மறுபடி தெளிவான முடிவைத் தந்தது. இதைச் சொன்னால் பாடத்தின் மேல் மரியாதை போய்விடும் என்று ஒரு சகோதரி கவலைப்பட்டார். என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. தன் தப்பைத் தானே தேடுகிற படிப்பு என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு இதில் தங்களுக்கும் ஒரு வேலை இருப்பதாகத் தோன்றுகிறது.

அதனால் வகுப்பை வெளியே கொண்டுபோங்கள். இயல்பான சூழலில் கவனித்தல் என்று ஒரு பகுதி ஆய்வுமுறைத் தாளில் வரும். நான் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு அதிகாலையில் அழைத்துப்போவேன். மீன் ஏலத்தை அரை மணி நேரம் பார்த்து எழுத வேண்டும். முதல் தடவை எல்லோரும் "அந்த அம்மா கோபமாக இருந்தார்" என்று எழுதுவார்கள். "கோபத்தப் பாத்தியா? என்ன பாத்த?" என்று கேட்பேன். குரல் உயர்ந்தது, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், இரண்டு விரலைக் காட்டினார். பார்த்தது வேறு, நாமாக முடிவுகட்டியது வேறு என்பது அந்தக் காலை வெயிலில் புரிகிற மாதிரி எந்தப் புத்தகத்திலும் புரியாது. மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. அது கோபமே இல்லை, ஏலத்தின் முறை அது என்று அவர்கள்தான் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். யாருடைய பெயரையும் எழுதக்கூடாது, முகம் தெரியப் படம் எடுக்கக்கூடாது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சொந்த அனுபவத்தை வகுப்பில் பகிரச் சொல்லலாமா?

நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் எந்தத் தெருவிலும் இழப்பு இல்லாத வீடு குறைவு. ஆறு மாதம் கழித்து நான் வேலைக்குச் சேர்கிறேன். உணர்ச்சிகள் என்ற பாடம் வந்தது. படித்த படிப்பு தந்த தைரியத்தில், "உங்க வாழ்க்கையில ரொம்பப் பயந்த ஒரு நிகழ்ச்சியச் சொல்லுங்க" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். நாலாவது ஆளாக ஒரு பெண். எழுந்து நின்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள். இரண்டு வாரம் கல்லூரிக்கு வரவில்லை. தம்பியை அலை கொண்டுபோனது அவளுடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மனசுவிட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்று நான் நம்பியிருந்தேன். பேரிடருக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. நான்தான் அதைப் படித்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்றே சொல்கிறது. அது சொல்கிற முறை எளிது: நிலைமையைப் பார், சொல்ல விரும்பினால் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு.

அதன் பிறகு 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல். நம் வகுப்புகளில் தண்ணீரைக் கண்டு பயந்த பிள்ளை இல்லாத வருஷமே கிடையாது. இப்போது நான் மூன்றாம் மனிதரின் கதையைத்தான் வைக்கிறேன்: "புயலில் வீட்டை இழந்த ஒரு பெண், பதினெட்டு வயது, அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்." கடினமான பாடம் வருகிற வாரத்துக்கு முந்தின வாரமே தலைப்பைச் சொல்லிவிடுவேன். வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் போகலாம், வருகைப் பதிவு குறையாது என்றும் சொல்லிவிடுவேன். போகிறவர்கள் மிகக் குறைவு. போகலாம் என்று தெரிந்திருப்பதே பலரை உட்காரவைக்கிறது.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றாள். படிப்பையும் முடித்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் வந்து தன் கஷ்டத்தைச் சொன்னால்?

உட்காரவைத்துக் கேளுங்கள். கதவு திறந்திருக்கட்டும், ஆனால் நாலு பேர் காதில் விழாத இடமாக இருக்கட்டும். அறிவுரையை அடக்கிக்கொள்ளுங்கள், "உன்னவிடக் கஷ்டப்படறவங்க எத்தன பேர்" என்பதை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். நாம் ஆசிரியர்கள். கவுன்சலிங் முறையாகப் படித்திருந்தாலும், மார்க் போடுகிற கையாலேயே சிகிச்சையும் தர முடியாது. கேட்டு, சரியான ஆளிடம் சேர்ப்பதுதான் நம் பங்கு. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்கும் கொடுத்துவிடாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டி வரும், மத்தபடி சொல்லமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாகணும் போலிருக்கு என்கிற மாதிரி பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைப்பு வருதாப்பா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, ஒருவர் கேட்டாரே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வருகிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப் போங்கள். "போலீஸ் கேஸ் ஆயிடுமா" என்று வீட்டார் நடுங்குவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தர வேண்டியது அரசின் பொறுப்பு என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பாடம் நடத்த நடத்த "எனக்கு ஓ.சி.டி. இருக்கு", "அவனுக்கு பைபோலார்" என்று ஆரம்பிக்கிறார்களே?

மருத்துவ மாணவர்களுக்கும் இது வரும், புதிதல்ல. ஓ.சி.டி. என்றால் ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற நோய். கை கழுவுவது எல்லோருக்கும் உண்டு; எவ்வளவு நேரம், எத்தனை நாளாக, அதனால் அன்றாட வேலை கெடுகிறதா என்ற மூன்று கேள்வியைப் பழக்குங்கள். உண்மையிலேயே கவலைப்படுகிறவரைச் சிரித்து அனுப்பிவிடாதீர்கள்.

தேர்வுக்கு எப்படித் தயார் செய்வது?

நினைவு பற்றிய பாடத்தை நினைவைக் கெடுக்கிற முறையிலேயே நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வெகுநாள் வருத்தம். ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் செய்த ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதம், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். நான் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் போன வாரப் பாடத்தை எழுதச் சொல்கிறேன். மார்க் கிடையாது, தாளும் அவர்களிடமே இருக்கும். அரியர் குறைந்தது.

விடைத்தாளில் என்ன எழுதித் தருவது?

"சுமார்", "இன்னும் முயற்சி தேவை" என்பதெல்லாம் எதுவுமே எழுதாததற்குச் சமம். எந்த வரி நன்றாக வந்திருக்கிறது, எந்த இடத்தில் காரணம் சொல்லாமல் தாவியிருக்கிறது என்று காட்டுங்கள். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், "உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் எழுதியிருக்கிறேன்" என்ற பொருளில் ஒரு சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் தங்களை மட்டமாக நினைக்கிறார்கள் என்று சந்தேகப்பட வாய்ப்புள்ள கறுப்பினப் பிள்ளைகளில் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். நம் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தை எல்லாத் தாளிலும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி எழுதினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். முதலில் உண்மையாகப் படித்துத் திருத்துங்கள்; அதற்கு அப்புறம்தான் அந்த வாக்கியம்.

இதைப் படித்தால் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்டால்?

உள்ளதைச் சொல்லுங்கள். பி.எஸ்சி. முடித்ததும் போர்டு மாட்டிவிட முடியாது. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் அங்கே பதிவும் வேண்டும், எம்.எஸ்சி. மட்டும் போதாது. பள்ளி ஆலோசகர், மறுவாழ்வு மையம், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, கற்பித்தல் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. நம் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் சைக்காலஜி படித்தவர்கள் நிறைய. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இந்தப் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ புதிதாகத் தொடங்கக்கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. தெரியாமல் பணம் கட்டிவிடப்போகிறார்கள், சொல்லிவையுங்கள்.

கடைசி பெஞ்சில் தினமும் தூங்குகிறவனை என்ன செய்வது?

எழுப்பி நிற்கவைக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும், "ராத்திரி எத்தன மணிக்குப் படுத்தே தம்பி?" என்று கேளுங்கள். தூக்கம் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தூங்காத மூளையில் புதிய பாடம் தங்காது என்று நாமே நடத்துகிறோம்.

நான் கேட்டபோது ஒருவன் சொன்னான், துறைமுகத்தில் விடியற்காலை மூன்று மணிக்குப் படகிலிருந்து மீன் இறக்கிவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வருவதாக. அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. அந்த வேலையை விடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதல் பீரியட் என்னுடையது. துறைத் தலைவரிடம் பேசி என் வகுப்பை மூன்றாவது பீரியடுக்கு மாற்றிக்கொண்டேன். முதல் பீரியடில் அந்த வகுப்புக்கு லைப்ரரி. அவன் அங்கே மேசையில் தலைவைத்து முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டு என் வகுப்புக்கு வருவான்.

மீன் ஏலம் கோபம் இல்லை என்று வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.